மேனேஜர் போனால் ஆட்டக்காரரும் போவாரா? ஜெர்சியில் பெயர் போடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. பாரிசில் இருக்கும் மாமா பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். ஒரிஜினல் ஜெர்சி வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதுகில் யார் பெயர், என்ன நம்பர் என்று நான் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த கால்பந்து ஆட்டக்காரர் இங்கிலாந்தில் ஒரு பெரிய கிளப்பில் இருக்கிறார். அங்கே அணியை நடத்தும் மேனேஜர் மாறப்போகிறார் என்று பேச்சு அடிபடுகிறது. "மேனேஜர் போனா அவனும் கிளம்பிடுவான், காசு வேஸ்ட்" என்கிறார்கள் எங்கள் செட்டில். தினமும் சாயங்காலம் பீச் ரோட்டில் இதே சண்டை. பிரியாணிப் பந்தயம் வேறு ஓடுகிறது. மேனேஜர் போனால் ஆட்டக்காரரும் போவாரா? ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் டிரான்ஸ்பர் செய்திகளில் எதை நம்புவது?

பதில்: தம்பி, ஆட்டக்காரர் யார் என்றும் எழுதியிருந்தீர்கள். பெயர் வெளியே வந்தால் செட்டில் கிண்டல் செய்வார்கள் என்றதால் அதை விட்டுவிட்டேன். வயது 26, ஐந்து வருட ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம் பாக்கி, வேறு கிளப்பிலிருந்து பெரிய விலை கொடுத்து வாங்கப்பட்டவர். பதில் சொல்ல எனக்கு இவ்வளவு போதும். உங்கள் நண்பர்கள் மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் எந்த ஜூனில் முடிகிறது என்று ஒருவராவது கேட்டாரா?

ஐரோப்பாவில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஜூன் 30-ல் முடியும். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் கையை வீசிக்கொண்டு வேறு கிளப்புக்குப் போகலாம். பழைய கிளப்புக்குக் காலணா கிடைக்காது. கடைசி ஆறு மாதத்தில், அதாவது ஜனவரி பிறந்ததும், வெளிநாட்டு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்தும் போட்டுக்கொள்ளலாம். அதனால் இரண்டு வருடம் மீதி இருக்கும்போதே கிளப்புக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். ஒன்று புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். எம்பாப்பே 2024-ல் பாரிஸ் கிளப்பிலிருந்து (பிஎஸ்ஜி) ரியல் மாட்ரிட் போனது இப்படி ஒப்பந்தம் தீர்ந்துதான். அதற்குப் பிறகும் நம் சண்டே மார்க்கெட்டில் அவர் பெயர் போட்ட பாரிஸ் ஜெர்சி தொங்கிக்கொண்டிருந்தது, விலை மட்டும் இறங்கியிருந்தது. அடுத்த வருடம் லிவர்பூலின் அலெக்சாண்டர்-அர்னால்டும் அதே வழியில் மாட்ரிட் போனார். கிளப் உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் முன்னதாக அவரை அழைத்துக்கொள்ள மட்டும் சுமார் 1 கோடி யூரோ கொடுத்தார்கள். அந்த ஒரு மாத அவசரம் இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. இரண்டு பேர் விஷயத்திலும் முடிவுத் தேதி ஊருக்கே தெரிந்திருந்தது.

உங்கள் ஆளுக்கு மூன்று வருடம் இருப்பதால் அந்த பயம் இப்போதைக்கு இல்லை. அடுத்தது கணக்குப் புத்தகம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பாதி டிரான்ஸ்பர்களுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கிளப் 8 கோடி பவுண்டு கொடுத்து ஒருவரை ஐந்து வருடத்துக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் அந்தச் செலவை ஐந்தாகப் பிரித்து, வருடத்துக்கு 1.6 கோடி என்று எழுதுவார்கள். இரண்டு வருடம் போனால் 3.2 கோடி கழிந்து, புத்தகத்தில் அவர் மதிப்பு 4.8 கோடியாக நிற்கும். இந்த நிலையில் 4 கோடிக்கு விற்றால் 80 லட்சம் நஷ்டம் என்று எழுத வேண்டும். லோன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு பைக்கை விற்கிற மாதிரி. கட்டாயம் வந்தாலொழிய யாரும் செய்ய மாட்டார்கள். செல்சி எட்டு வருடம், எட்டரை வருடம் என்று ஒப்பந்தம் போட்டதும் வருடச் செலவைக் குறைத்துக் காட்டத்தான். 2023-ல் ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஇஎஃப்ஏ விழித்துக்கொண்டு, ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் செலவை ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்றது. அந்த வருடக் கடைசியில் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கும் அதே விதியைக் கொண்டுவந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கிளப்பின் சொந்த அகாடமியில், அதாவது சிறுவர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். அவரை விற்றால் வருகிற பணம் முழுக்க லாபம். ஆறு வயதிலிருந்து செல்சியில் இருந்த மேசன் மவுண்டை 2023-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு அவர்கள் விற்றபோது கணக்கில் விழுந்த 5.5 கோடி பவுண்டும் அப்படித்தான். அவர் ஒப்பந்தத்திலும் ஒரே வருடம்தான் மீதி இருந்தது. லீக் அனுமதிக்கும் எல்லையை நஷ்டம் மீறினால் என்ன ஆகும் என்பதை அதே வருடம் எவர்டன் கிளப் காட்டியது: 10 புள்ளிகள் வெட்டு, மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைந்தது. ஆகவே 'நம்ம ஊர்ப் பையன், உயிரே போனாலும் போக மாட்டான்' என்று அகாடமி ஆட்டக்காரர் பெயரைப் போட்டுக்கொள்பவர்தான் உண்மையில் அதிக ரிஸ்க் எடுக்கிறார். கேட்கக் கசப்பாக இருக்கும்.

ரிலீஸ் கிளாஸ் என்று உங்கள் செட்டில் ஒருவர் அடிக்கடி சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 'இவ்வளவு பணம் வைத்தால் விட்டே ஆக வேண்டும்' என்ற ஷரத்து. ஸ்பெயினில் இது வழக்கமாகவே இருக்கும். 2017-ல் பார்சிலோனாவின் நெய்மருக்கு 22.2 கோடி யூரோ கட்டி பாரிஸ் கிளப் கொண்டுபோனது இந்த வழியில்தான். இங்கிலாந்தில் எல்லாருக்கும் இருக்காது. இருந்தாலும் வாசகத்தைப் படிக்க வேண்டும். நான் படிக்காமல் கெட்டவன். 2013-ல் லிவர்பூலின் லூயிஸ் சுவாரசுக்கு 4 கோடியே 1 பவுண்டு தருவதாக ஆர்சனல் சொன்னது. அந்த ஒரு பவுண்டைப் பார்த்ததும் 4 கோடி ஷரத்து உடைந்துவிட்டது, ஆள் வந்தாயிற்று என்று நான் நாலு பேரிடம் பந்தயம் கட்டினேன். லிவர்பூல் 'விற்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. சுவாரஸ் அங்கேயே ஆடி, அந்த சீசனில் லீகில் 31 கோல் அடித்தார். நாலு பிரியாணி, நாலு சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ், பில் என் தலையில்.

சரி, மேனேஜர் விஷயத்துக்கு வருவோம்.

2013-ல் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் 26 வருடத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றார். 13 லீக் பட்டம் வாங்கியவர். பதிலுக்கு வந்த டேவிட் மோயசுக்கு ஆறு வருட ஒப்பந்தம். பத்து மாதம்கூடத் தாங்கவில்லை. எல்லாரும் மோயசைத் திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். ஆனால் அதே கோடையில் கிளப்பின் நிர்வாகத் தலைவர் டேவிட் கில்லும் விலகினார் என்பதை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஆடவைப்பவரும், வாங்கி விற்பவரும் ஒரே நேரத்தில் புதுசு. ஃபெலேனி என்ற ஆட்டக்காரருக்கு எவர்டனில் 2.35 கோடி பவுண்டு ரிலீஸ் கிளாஸ் இருந்தது, ஜூலை கடைசியோடு அது காலாவதி. யுனைடெட் அந்தத் தேதியைக் கோட்டைவிட்டு, செப்டம்பரில் கடைசி நாள் ராத்திரி 2.75 கோடி கொடுத்து அதே ஆளை வாங்கியது. மோயஸ் அதற்கு முன் இருந்ததே எவர்டனில்தான் என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும்.

இதோடு 2024 லிவர்பூலை வைத்துப் பாருங்கள். மேனேஜர் யூர்கன் க்ளாப் ஜனவரியிலேயே 'சீசன் முடிந்ததும் போகிறேன்' என்று அறிவித்துவிட்டார். தேட நாலைந்து மாதம் கிடைத்தது. முதலில் ஆட்டக்காரர்களை வாங்குகிற விற்கிற நிர்வாகத்தைச் சரி செய்தார்கள்: பழைய கையான மைக்கேல் எட்வர்ட்ஸைத் திரும்பக் கொண்டுவந்து, ரிச்சர்ட் ஹியூஸை ஸ்போர்ட்டிங் டைரக்டராக வைத்தார்கள். அதன் பிறகுதான் புது மேனேஜராக ஆர்னே ஸ்லாட். அந்தக் கோடையில் அணிக்குள் வந்து ஆடிய புது ஆள் கியேசா ஒருவர்தான், அவரும் பெரும்பாலும் பெஞ்சில். பழைய ஆட்களை வைத்தே 10 புள்ளி வித்தியாசத்தில் லீக் ஜெயித்தார்கள். மேனேஜர் மாறியும் முக்கிய ஆட்டக்காரர் யாரும் மூட்டை கட்டவில்லை.

ஆக, பெரிய கிளப்புகளில் இன்று மேனேஜர் பெரும்பாலும் பயிற்சியாளர்தான். யாரை வாங்குவது, யாரை விற்பது என்ற பட்டியல் ஸ்போர்ட்டிங் டைரக்டர் கையில். உங்கள் கிளப்பில் அந்த ஆளும் சேர்ந்து போகிறாரா என்று பாருங்கள். போகிறார் என்றால் கவலைப்படலாம்.

வாரிசு உள்ளேயிருந்து வருவதா வெளியேயிருந்து வருவதா என்ற உங்கள் செட்டின் இன்னொரு சண்டைக்கு வரலாற்றில் இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. 1974-ல் லிவர்பூல் மேனேஜர் ஷாங்க்லி போனதும் அவருடைய உதவியாளர் பாப் பெய்ஸ்லி வந்து ஒன்பது வருடத்தில் 6 லீக், 3 ஐரோப்பியக் கோப்பை வாங்கினார். யுனைடெட்டில் மேனேஜர் மேட் பஸ்பி 1969-ல் விலகி, உள்ளேயே வளர்ந்த வில்ஃப் மெக்கின்னஸிடம் கொடுத்தார்; ஆனால் பஸ்பி கிளப்பை விட்டுப் போகவில்லை. ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஸ்கூல் வாசலிலேயே குடியிருந்தால் புது ஹெட்மாஸ்டர் பாடு என்ன? 1970 டிசம்பரில் பஸ்பியே திரும்பி வந்து உட்கார வேண்டியதாயிற்று.

மேனேஜர் மாற்றத்தில் நிஜமாகவே தலை உருளும் ஆட்கள் உண்டு. புதியவரின் ஆட்ட முறைக்கு ஒத்து வராத இடத்தில் இருப்பவர்கள். 2016-ல் குவார்டியோலா மான்செஸ்டர் சிட்டிக்கு மேனேஜராக வந்தபோது ஜோ ஹார்ட் இங்கிலாந்தின் முதல் கோல்கீப்பர், சிட்டியோடு இரண்டு லீக் பட்டம் வாங்கியவர். பந்தைக் காலால் விளையாடும் கீப்பர் வேண்டும் என்றார் புதியவர்; அந்த ஆகஸ்டிலேயே ஹார்ட் லோனில், அதாவது தற்காலிகமாக, இத்தாலிக்கு, டொரினோவுக்குப் போனார். ஆகவே வரப்போகிறவர் யார் என்று தெரிந்ததும், அவருடைய பழைய அணியில் உங்கள் ஆட்டக்காரரின் இடத்தில் யார், எப்படி ஆடினார்கள் என்று இரண்டு மேட்ச் பாருங்கள். மூணு பேர் டிஃபென்ஸ் வைத்து ஆடுபவர் என்றால் விங்கர்களுக்குத்தான் முதல் ஆபத்து. நீங்கள் சொன்னவர் நடுக்களம். யார் வந்தாலும் அங்கே ஆள் வேண்டும்.

செய்திகளில் எதை நம்புவது என்று கேட்டீர்கள். 'ஆர்வம் காட்டுகிறது', 'கண்காணிக்கிறது' என்பதெல்லாம் வெறும் காற்று. ஒப்பந்தப் பேச்சு நடக்கும் சமயத்தில் இப்படி வந்தால், சம்பளத்தை ஏற்ற ஏஜென்ட் அவிழ்த்துவிட்டதாகவும் இருக்கலாம். ஆட்டக்காரரோடு சம்பளம் பேசி முடிந்தது என்றால் கால் கிணறு. இரண்டு கிளப்பும் விலையில் ஒத்துக்கொண்டால் அரைக் கிணறுக்கு மேல். மருத்துவப் பரிசோதனைக்குப் போயாயிற்று என்றால் ஏறக்குறைய முடிந்தது. அப்போதும் காகிதம் பதிவாக வேண்டும். 2024-ல் ஸ்பெயினின் சுபிமெண்டிக்கு ரிலீஸ் கிளாஸ் தொகையையே கட்டத் தயாராக இருந்தது லிவர்பூல். அவர் கடைசியில் 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்றுவிட்டார். 2013 ஜனவரி கடைசி நாளில் வெஸ்ட் பிராம் ஆட்டக்காரர் ஓடெம்விங்கி, கிளப்புகள் ஒத்துக்கொள்ளும் முன்பே தானே காரை ஓட்டிக்கொண்டு லண்டனில் கியூபிஆர் கிளப்பின் மைதான வாசலுக்குப் போய் நின்றார். டீல் நடக்கவில்லை, திரும்பி வந்தார். 2015-ல் யுனைடெட் கோல்கீப்பர் டி ஹெயா மாட்ரிட் போவது எல்லாம் பேசி முடிந்து, காகிதம் நேரம் கடந்து போய்ச் சேர்ந்ததால் நின்றது. பதினோரு நாளில் யுனைடெட்டிலேயே புது ஒப்பந்தம் போட்டார்.

ஜனவரி விண்டோ, அதாவது ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதி உள்ள காலம், இங்கிலாந்தில் இரவு 11 மணிக்கு மூடினால் நமக்கு விடியற்காலை நாலரை. கடைசி நிமிடத்தில் ஒப்பந்தச் சுருக்கத்தாள் கொடுத்தவர்களுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் சலுகை உண்டு; அதாவது நம் ஊரில் பால் பாக்கெட் வீடு வந்து சேர்ந்த பிறகும் டீல் முடியலாம். அதனால் பந்தயத்தை 'கடைசி நாள் ராத்திரி' என்று வைக்காதீர்கள், மறுநாள் காலை எட்டு மணி என்று வையுங்கள். லோனில் போனால் போனதாகக் கணக்கா இல்லையா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் பீச் ரோட்டில் இன்னொரு சண்டை.

என் கணிப்பு: பொங்கலுக்கும் விண்டோ மூடுவதற்கும் இடையில் உங்கள் ஆள் போக மாட்டார். மூன்று வருட ஒப்பந்தம், புத்தகத்தில் பெரிய மதிப்பு, சீசன் நடுவில். அடுத்த கோடை பற்றி உத்தரவாதம் தர மாட்டேன். பெயரைப் போடச் சொல்லலாம். ஆனால் பெயர் அச்சிட்ட ஜெர்சியைக் கடையில் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் பெயரின் எழுத்து, நம்பர் இரண்டையும் மாமாவுக்கு வாட்ஸாப்பில் எழுதியே அனுப்புங்கள், போனில் சொல்லாதீர்கள். பிரான்சில் குளிர்காலத் தள்ளுபடி விற்பனை பொங்கலை ஒட்டி, ஜனவரி முதல் பாதியில்தான் தொடங்கும். மாமா எந்தத் தேதி விமானம் ஏறுகிறார் என்று கேட்டுக்கொண்டால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். அப்புறம், ஆட்டக்காரர்கள் போடும் ரக ஜெர்சி உடம்போடு ஒட்டும், ரசிகர்களுக்கானது லூசாக இருக்கும். அந்த பிரியாணியை நீங்கள் ஜெயிப்பதாகத்தான் தெரிகிறது, இரண்டாவதையே சொல்லுங்கள்.