101-க்கு முன்னால் நூறு புத்தகங்களா?

கேள்வி: 'தோன்ஜோன்' என்ற பிரெஞ்சு ஃபேன்டசி காமிக்ஸில் 101 என்று எண் போட்ட ஆல்பம் கிடைத்தது. இன்னொன்றில் மைனஸ் 99 என்று இருக்கிறது. விட்டுப்போனதையெல்லாம் தேடிப் பிடிக்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தேடி அலைய வேண்டாம். இடையில் உள்ள எண்களில் பெரும்பாலானவை வெளிவரவே இல்லை. லூயிஸ் த்ரோந்தைமும் ஜோவான் ஸ்ஃபாரும் 1998-இல் டெல்கூர் பதிப்பகத்தில் இதைத் தொடங்கியபோதே செய்த குறும்பு இது. அட்டையில் இருக்கும் எண், அந்தக் கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதைச் சொல்கிறது. கதையின் மையமான கோட்டை செழித்திருக்கும் 'செனித்' காலம் 1-இல் தொடங்கும். அதன் அந்திமக் காலம் 101-இல். கோட்டை உருவாவதற்கு முந்தைய கதை மைனஸ் 99-இல். அதிலும் மைனஸ் 97-க்குப் பிறகு நேராக மைனஸ் 84-க்குத் தாவிவிடுவார்கள்!

சரி, மைனஸிலிருந்து வரிசையாகப் படித்தால் என்ன? படிக்கலாம், ஆனால் சுவாரஸ்யம் போய்விடும். முதல் ஆல்பத்தில் ஹெர்பெர்ட் என்ற வாத்து வருகிறான். எடுபிடி வேலை பார்ப்பவன். தவறுதலாக ஒரு வீரன் இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறான். இடுப்பில் மந்திர வாள் தொங்குகிறது, ஆனால் உருவ முடியாது. வெறுங்கையால் மூன்று வீரச் செயல்கள் செய்து காட்டினால்தான் அது அவனுக்குப் பணியும். துணைக்கு மார்வின் என்ற டிராகன், அதுவும் சைவம். இந்த ஜோடியோடு சிரித்துப் பழகிவிட்டு 101-ஐத் திறந்தால், கண்பார்வை போன கிழட்டு டிராகன் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது யார் என்று புரியும்போது வயிற்றில் ஏதோ செய்யும். அந்த வாத்து என்ன ஆனான் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

அதனால் 1, 2 முதலில். அப்புறம் உங்கள் கையில் இருக்கும் 101. மைனஸ் 99 அதற்கடுத்து வரட்டும். கோட்டையின் கிழட்டு முதலாளி இளைஞனாக இருந்தபோது எவ்வளவு லட்சியவாதி என்பது அப்போதுதான் உறைக்கும். 'பராட்' என்ற துணைத் தொடரின் ஆல்பங்கள் 1-க்கும் 2-க்கும் இடையே நடக்கும் தமாஷ், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். 'மான்ஸ்டர்ஸ்' என்ற இன்னொரு துணைத் தொடர் துணைப் பாத்திரங்களின் கதைகள், ஆல்பத்துக்கு ஆல்பம் ஓவியர் மாறுவார். அவசரமில்லை.

ஆங்கிலத்தில் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: என்பிஎம் பதிப்பகம் பெரும்பாலும் இரண்டு பிரெஞ்சு ஆல்பங்களை ஒரே புத்தகமாக, அளவைச் சுருக்கிப் போட்டிருக்கிறது. காசு மிச்சம்தான், ஆனால் பொடிப்பொடியாக வரைந்த கட்டங்களைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும்.