மான்டிஸ் இறாலையும் கடல் அனிமோனையும் ஒரே தொட்டியில் விடலாமா?

விடலாம். ஆனால் எந்த மான்டிஸ், அதற்கு எப்படி வளை அமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருகோணமலையில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன்.

பூப்போல விரிந்து, ஒட்டி வாழும் கடலுயிரியான அனிமோனை மான்டிஸ் பொதுவாகத் தின்னாது. முன்கையால் அடித்து இரையை உடைக்கும் மான்டிஸ் இனத்துக்கு வேண்டியது நண்டு, நத்தை, சிப்பி. மணலில் வளை தோண்டி வாழும், ஈட்டி போன்ற கையுள்ள இனங்கள் மீன் பிடிப்பவை. ஆகவே அனிமோனோடு ஒரு கோமாளி மீனும் விடும் ஆசை இருந்தால், அந்த ஆசையை இப்போதே கைவிடுங்கள்.

சண்டை வருவது வெளிச்சத்துக்கும் இடத்துக்கும்தான். அனிமோனுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு நல்ல லைட் வேண்டும். எல்லாரும் ஆசைப்படும் மயில் மான்டிஸோ 18 செ.மீ. வரை வளரும், மங்கலான இடத்தை விரும்பும். இருட்டு வளை இல்லாமல் பளிச்சென்ற லைட்டின் கீழ் கிடந்தால் அதன் ஓடு அரிக்கத் தொடங்கும். அப்புறம், பபிள் டிப் அனிமோன் கால் ஊன்றத் தேடுவது கல் இடுக்கு. மான்டிஸ் வீடாகப் பிடிப்பதும் அதே இடுக்கு! அனிமோன் நகர்ந்து வளை வாசலில் உட்கார்ந்தால் மான்டிஸ் அதைத் தள்ளும், கால் கிழியும். கிழிந்த அனிமோன் செத்தால் தொட்டித் தண்ணீர் முழுக்கக் கெட்டுவிடும். ஓடு கழற்றிய மான்டிஸ் மெத்தென்று இருக்கும் நாட்களில் ஆபத்து மறுபக்கம்: பெரிய கம்பள அனிமோன் அதைப் பிடித்தே விழுங்கலாம். கம்பள இனம் வேண்டவே வேண்டாம்.

என் யோசனை, ஆழமில்லாத பவளப் பாரில் வாழும் சின்ன மான்டிஸ் இனமாகப் பாருங்கள். வளைக்கு எஸ்லோன் (பி.வி.சி.) குழாயையும் எல்போவையும் பொருத்தி, நடுப்பகுதி இருட்டாக இருக்கும்படி மணலில் புதையுங்கள். அனிமோனை மறுகோடியில், சுற்றிலும் வெறும் மணல் விட்ட தனிக் கல்லில் வையுங்கள். மணலைத் தாண்டிப் போக அது அவ்வளவாக விரும்பாது. அனிமோன் உள்ளே இழுபடாதபடி மோட்டார் வாய்க்கு வலை கட்டுங்கள். தீனி போடும்போது முதலில் மான்டிஸுக்கு. இல்லாவிட்டால் அனிமோனுக்கு வைத்த இறால் துண்டைப் பறித்துக்கொள்ளும். இடுக்கியால்தான் கொடுக்க வேண்டும், விரலை நம்பக் கூடாது.

உயிரினங்களைக் கடையில் வாங்குங்கள். இங்கே திருகோணமலைக் கடலில் உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து கல்கூட எடுக்க முடியாது. கடல்நீர் அள்ளுபவர்கள் மாரியில் கவனம். இங்குள்ள கொட்டியாரக் குடாவில் மகாவலி ஆற்று வெள்ளம் கலக்கும் காலத்தில் உப்பு இறங்கிவிடும், நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை அளந்து 1.025-க்குக் கொண்டுவந்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.