ஃபேர்பேங்க்ஸில் கான்ட்ராக்டர் ஆக நினைக்கும் மகன்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா,

பள்ளிப் படிப்பு முடிந்ததும் எஞ்சினியரிங் வேண்டாம், ஜெனரல் கான்ட்ராக்டர் ஆகப் போகிறேன் என்று உங்கள் மகன் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "அலாஸ்கா வரை வந்து பிள்ளையை வளர்த்தது மேஸ்திரி வேலைக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கௌரவத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு வீட்டின் மொத்தப் பொறுப்பையும் தன் பெயரில் ஒப்பந்தம் போட்டு ஏற்று, தச்சர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் என்று எல்லாரையும் ஒருங்கிணைத்து முடித்துத் தருபவர்தான் ஜெனரல் கான்ட்ராக்டர். முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஃபேர்பேங்க்ஸில் நல்ல கான்ட்ராக்டருக்குத் தனி மதிப்பு உண்டு. நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு.

"லைசென்ஸ் வாங்குவது சுலபம்" என்று உங்கள் மகன் சொல்வது உண்மை. அலாஸ்காவில் 25,000 டாலருக்கு ஷ்யூரிட்டி பாண்டு (கான்ட்ராக்டர் தவறினால் பணம் தருவதாக ஒரு நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதம்), பொறுப்புக் காப்பீடு, ஆள் வைத்தால் அவர்களுக்கான இழப்பீட்டுக் காப்பீடு, பிறகு கட்டணம். இவ்வளவு இருந்தால் ஜெனரல் கான்ட்ராக்டர் பதிவு கிடைத்துவிடும். சுவர் எழுப்பத் தெரியுமா என்று யாரும் பரீட்சை வைப்பதில்லை. புது வீடு கட்டவோ, வீட்டு மதிப்பில் கால் பங்குக்கு மேல் மாற்றம் செய்யவோ வேண்டுமானால் மட்டும் அந்தப் பதிவோடு வீடு கட்டுவதற்கான தனி ஒப்புதலும் வேண்டும். அதற்குக் குளிர்ப் பிரதேசக் கட்டுமானம் பற்றிய 16 மணி நேர வகுப்பு அல்லது கல்லூரியில் ஆர்க்டிக் எஞ்சினியரிங் பாடம் முடித்து, ஒரு தேர்வும் எழுத வேண்டும். கெட்டிக்காரப் பையன் உட்கார்ந்து படித்தால் இதையும் சீக்கிரம் முடித்துவிடுவான். எனக்குப் பயமே அங்கேதான். காகிதம் கையில் வந்துவிடும், மண்ணைப் படிக்கத் தெரிந்திருக்காது.

ஃபேர்பேங்க்ஸ் மண் லேசுப்பட்டதல்ல. பல இடங்களில் தரைக்கு அடியில் வருடக் கணக்கில் உருகாத உறைமண் இருக்கிறது. பக்கத்து மனையில் இருக்காது, இந்த மனையில் இருக்கும். அதன்மேல் வழக்கம்போல் அஸ்திவாரம் போட்டுச் சூடான வீட்டைக் கட்டினால், வீட்டின் சூடு கீழே இறங்கி ஐஸை உருக்கும். ஒரு மூலை தாழும், கதவு மூடாது, சுவரில் விரிசல் விழும். அனுபவப்பட்டவர்கள் மனையைப் பார்த்ததும் மரத்தைத்தான் பார்ப்பார்கள். வடக்குச் சரிவிலோ பள்ளத்திலோ குச்சி குச்சியாகக் கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் நின்று, காலடியில் பாசி மெத்தென்று இருந்தால் சந்தேகம். தெற்குச் சரிவில் பிர்ச், ஆஸ்பென் என்ற இலையுதிர் மரங்கள் வளர்ந்திருந்தால் கொஞ்சம் நம்பிக்கை. அப்புறமும் துளை போட்டு மண்ணைச் சோதிக்காமல் விலை சொல்ல மாட்டார்கள். உறைமண் இருந்தால் பாசியைச் சுரண்டாமல் விட்டு, வீட்டைத் தூண்களில் தூக்கி நிறுத்தி, அடியில் குளிர்காற்று ஓட விடுவார்கள். சிலர் பின்னால் உயரத்தைச் சரிசெய்யக்கூடிய தாங்கிகள் வைப்பார்கள்.

கான்கிரீட்டும் அப்படித்தான். ஊற்றிய கலவை போதிய வலுப் பெறுவதற்குள் உறைந்துவிட்டால், பிறகு என்ன செய்தாலும் அதன் பலம் திரும்பாது. அதனால் செப்டம்பர் கடைசியில் ஊற்றினால் மேலே கூடாரம் போட்டு, ஹீட்டர் வைத்து, கனத்த போர்வையால் மூடுவார்கள். அந்த ஹீட்டரின் புகையை வெளியே விடாமல் உள்ளேயே விட்டால், இன்னும் இறுகாத தளத்தின் மேற்பரப்பு மாவாக உதிரும், உள்ளே வேலை செய்பவரின் உயிருக்கும் ஆபத்து. இதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைக்கு வரும்.

இன்னொரு விஷயம். நகர எல்லைக்குள் கட்டட அனுமதி, ஆய்வாளர் எல்லாம் உண்டு. எல்லையைத் தாண்டினால் சுற்றியுள்ள பரோவின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பெரும்பகுதியில் கட்டட விதியை அமல்படுத்த ஆளில்லை. வாங்குபவர் மாநில வீட்டு நிதிக் கழகத்தின் கடனை நாடினால்தான் கட்டம் கட்டமாக ஆய்வும் எரிசக்தித் தரமும் கேட்பார்கள். ஆகவே பல வீடுகளில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது கட்டியவரின் மனசாட்சிக்கு மட்டுமே தெரியும். உங்கள் மகன் ஆய்வாளர் வராத வேலையையும் வந்ததுபோல் செய்யும் ஒருவரிடம் முதலில் சேர வேண்டும். யாரிடம் தொழில் கற்கிறான் என்பது எந்தக் கல்லூரி என்பதைவிட இங்கே முக்கியம்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மண் வேலைக்கு மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் நல்ல காலம். ஜூனில் இரவே இல்லாததுபோல் வேலை ஓடும். டிசம்பர் கடைசியில் பகல் நான்கு மணி நேரம்கூட இருக்காது, மைனஸ் நாற்பதும் வரும். செப்டம்பருக்குள் கூரை போட்டு மூடிய வீடு இருந்தால் குளிர்காலம் முழுக்க உள்வேலை கிடைக்கும். மூடத் தவறினால் ஆட்களை அனுப்பிவிட்டு வசந்தம் வரை உட்கார வேண்டியதுதான். ஐந்து மாத வரவைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரிக்கத் தெரியாமல், வாடிக்கையாளரின் முன்பணத்தை எடுத்துப் பழைய கடனை அடைக்க ஆரம்பிக்கும் இடத்தில்தான் கான்ட்ராக்டர்கள் விழுகிறார்கள். கணக்கு வழக்கு இவனுக்குப் பிடிக்குமா என்று கேளுங்கள். பிடிக்காது என்றால் நல்ல தச்சனாகவே இருக்கலாம், அதில் குறைவொன்றுமில்லை.

உங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பாண்டு என்பது காப்பீடு அல்ல. புகார் வந்து பாண்டு கொடுத்த நிறுவனம் பணம் கொடுத்தால், அதைக் கான்ட்ராக்டரிடமே திரும்ப வசூலிக்கும். பையனின் கடன் வரலாறு சின்னதாக இருந்தால் பெற்றோர் கையெழுத்தைக் கேட்கலாம். உங்கள் வீட்டைப் பணயம் வைக்கும் எந்தக் காகிதத்திலும் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் யோசனை இதுதான். ஊரிலேயே அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் சமுதாய, தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டுமான மேலாண்மை அசோசியேட் பட்டம் இருக்கிறது. படித்துக்கொண்டே கோடையில் ஒரு நல்ல கட்டுநரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யட்டும். குளிர்ப் பிரதேச வீட்டு ஆராய்ச்சி மையமும் அந்த ஊரில்தான் இருக்கிறது. அதன் ஆய்வுகளைப் படித்தால், குளிரைத் தடுக்கும் காப்புப் பொருளைச் சுவருக்கு வெளியே வைப்பது ஏன், உள்ளே ஈரம் உறைவது எப்படி என்பதெல்லாம் தெளிவாகும். நாலைந்து கோடைகள் அஸ்திவாரம் முதல் கூரை வரை பார்த்த பிறகு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கட்டும். ஒருவேளை நடுவில் எலெக்ட்ரீஷியன் வேலை பிடித்துப்போனால் அதுவும் நல்ல வழி. அதில் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு, முழுத் தகுதிக்கு 8,000 மணி நேர வேலை வேண்டும்.

இந்தக் கோடையில் அவன் போகப்போகும் கட்டுநரை ஒருமுறை நீங்களே சந்தியுங்கள். பத்து வருடத்துக்கு முன் அவர் கட்டிய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்காமல் அழைத்துப்போனால், கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள், அந்த வீட்டுக்காரரிடம் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்ச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். அந்தப் பதில்களை எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.