திரை இல்லாத டேப்லெட் போதுமா?

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறுகளில் வேலூர் கோட்டைக்குப் போய், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பேனாவில் வரைவேன். இனி கம்ப்யூட்டரிலும் வரைய ஆசை. வீட்டில் 15 இன்ச் லேப்டாப் இருக்கிறது, கையில் 5000 ரூபாய். கடைக்காரரோ, கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரைகிற பலகையான டேப்லெட்டில் திரை இல்லாதது வீண், இன்னும் பணம் சேர்த்துத் திரை உள்ளதாகவே வாங்குங்கள், 8192 பிரஷர் லெவல் இருந்தால்தான் கோடு நன்றாக வரும் என்கிறார். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

5000 ரூபாயைத் தாண்டாதீர்கள். திரை இல்லாததே உங்களுக்குப் போதும்.

கை மேஜையில், கண் திரையில் என்று இருப்பது முதலில் எல்லோருக்கும் தடுமாற்றம்தான். ஆனால் யாளியையும் குதிரை வீரனையும் பார்த்துக்கொண்டே தாளில் கையை ஓட்டுகிறவர் நீங்கள், கையைப் பார்க்காமல் வரைகிற பழக்கம் பாதி வந்தாயிற்று, மீதி பழகப் பழக வந்துவிடும். திரை உள்ளதற்கு வட்டி கட்டிப் பணம் கொடுத்துவிட்டு, வரையவே மனமில்லாமல் போனால் அதுதான் வீண்.

பிரஷர் லெவல் என்பது பேனாவை அழுத்துவதை டேப்லெட் எத்தனை படிகளாகப் பிரித்து உணர்கிறது என்கிற எண், அதை நம்பிப் பணம் கூட்ட வேண்டாம். ஒன் பை வாக்கம் (One by Wacom) டேப்லெட்டில் 2048, ஹுயான் எச்640பி-யில் 8192, வரைந்த படத்தைப் பார்த்து எது எதில் வரைந்தது என்று சொல்ல முடியாது. பேனா எவ்வளவு லேசாகத் தொட்டதும் கோடு விழ ஆரம்பிக்கிறது என்பதுதான் முக்கியம். கடையில் வரைந்து பார்க்க விட்டால், சாய்வாக ஒரு கோட்டை மிக மெதுவாக இழுங்கள், அது நடுங்கி அலை அலையாக வந்தால் வேண்டாம். இந்த இரண்டிலுமே பேனாவுக்கு பேட்டரி கிடையாது, சார்ஜ் போடுகிற பேனா உள்ளதை ஒதுக்குங்கள்.

அளவு பற்றி யாரும் சொல்வதில்லை. 4 இன்ச் அகல டேப்லெட்டில் கை ஒரு இன்ச் நகர்ந்தால் உங்கள் லேப்டாப்பில் மூன்று இன்ச்சுக்கு மேல் ஓடும், நுணுக்கமான செதுக்கு வேலையை அதில் வரைவது பெரும்பாடு. 6 இன்ச் அகலம் இருந்தால் சரியாக இருக்கும். மேலே சொன்னவற்றில் ஒன் பை வாக்கமின் சிறிய மாடலும் எச்640பி-யும் ஏறக்குறைய அந்த அளவுதான். அப்புறம், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் டேப்லெட்டில் 16:10, லேப்டாப் திரையில் பெரும்பாலும் 16:9. டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் செட்டிங்கில் விகிதத்தைப் பொருத்தாவிட்டால் வட்டம் நீள்வட்டமாக விழும், பிறகு கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

டிரைவரைக் கம்பெனி இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். வேறு கம்பெனி டிரைவர் ஏற்கெனவே இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். மென்பொருளுக்குக் காசு வேண்டாம், கிருத்தா இலவசம். அதில் அழுத்தம் வேலை செய்யாவிட்டால் செட்டிங்கில் வின்டேப், விண்டோஸ் இங்க் என்று பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குச் சொல்லும் இரண்டு வழிகள் இருக்கும், அவற்றை மாற்றிப் பாருங்கள். பேனாவின் முனையான நிப் சாய்வாகத் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள், கூர்மையான விளிம்பு பரப்பைக் கீறிவிடும்.

இரண்டில் ஒன்று என்றால் எச்640பி வாங்குங்கள், பக்கத்தில் உள்ள ஆறு பட்டன்களில் ஒன்றுக்கு அழிப்பதையும் இன்னொன்றுக்குப் பெரிதாக்குவதையும் கொடுத்துவிட்டால் கீபோர்டுக்குப் போக வேண்டியதில்லை. கோட்டைக்கு மட்டும் பழைய நோட்டையே எடுத்துப் போங்கள்.