மாலை கழற்றிய இரவு

அன்புள்ள ஐயா,

எனக்கு 28 வயது. போன கார்த்திகை 1ஆம் தேதி சபரிமலைக்கு முதல்முறையாக மாலை போட்டேன். கன்னிசாமி என்பதால் எதிலும் குறை வைக்கக்கூடாது என்று இருந்தேன். இரண்டு வேளையும் பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறுந்தரையில் படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு, நாலு மணி நேரத் தூக்கம். சிகரெட்டைத் தொடவில்லை. மனதை அடக்க வேண்டும் என்று பசி, தாகம் வந்தால்கூட வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். நடுவில் ஒருநாள் கனவில் ஸ்கலிதமாகிவிட்டது. விரதம் கெட்டுவிட்டதோ என்று மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் அழுதேன். ஒருநாள் சாம்பாரில் வெங்காயம் கிடந்தது என்று அம்மாவைக் கத்திவிட்டேன்.

மலைக்குப் போய்வந்து, வீட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் மாலையைக் கழற்றினேன். அன்றிரவே பிரியாணி, நண்பர்களோடு குடி, விடிய விடிய போன். 41 நாள் இருந்தவன் நான்தானா என்று இருக்கிறது. என்னை நானே ஏமாற்றிக்கொண்டேனா? புலனடக்கம் என்பது என்னதான் ஐயா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த 41 நாளும் உண்மைதான், அந்த இரவும் உண்மைதான். இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நானும் ஒன்பது வருடம் மாலை போட்டவன். இரண்டாம் வருடம் மலைக்குப் போகும் வழியில் எருமேலியில் பேட்டை துள்ளி ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஊர் போனதும் எந்தக் கடையில் என்ன சாப்பிடுவது என்று என் மனம் முடிவு செய்துவிட்டிருந்தது. விரதத்தில் நம்மைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது: உடம்பில் கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, வீட்டில் தனிச் சமையல், சாயங்காலம் பஜனை, தெருவில் போகிறவர்கூட ‘சாமி’ என்று கூப்பிடுகிறார், எல்லாவற்றுக்கும் மேலே முடியும் தேதி தெரியும். தேதி தெரிந்த மனம் ஆசையை விடுவதில்லை, தள்ளிவைக்கிறது, தள்ளிவைத்ததை வட்டியோடு கேட்கிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் இதைச் சொல்லிவிட்டான். உண்ணாமல் இருப்பவனை விட்டுப் புலன்கள் நாடும் விஷயங்கள் விலகிப்போகும், அவற்றின் ருசி மட்டும் உள்ளே தங்கிவிடும், பரம்பொருளைக் கண்டபின்தான் அந்த ருசியும் போகும் என்கிறான். ஆக, மாலை கழற்றிய இரவில் உங்களுக்குள் புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை, இருந்ததுதான் வெளியே வந்தது.

அடுத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீங்கள் அடக்கக்கூடாததை அடக்கியிருக்கிறீர்கள், அடக்க வேண்டியதை விட்டுவிட்டீர்கள். நம் சித்த வைத்தியத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. பசி, தாகம், தூக்கம், மலஜலம், தும்மல், கொட்டாவி, கண்ணீர், இப்படி. இவற்றைத் தடுத்தால் நோய் வரும் என்பது அந்த வைத்தியத்தின் அடிப்படைப் பாடம். ஆயுர்வேதத்தில் சரக சம்ஹிதையும் இதையே சொல்லிவிட்டு, ‘வேகம்’ என்ற அதே சொல்லை வைத்து இன்னொரு பட்டியல் தருகிறது, கட்டாயம் அடக்க வேண்டியவை என்று: பேராசை, கோபம், பயம், பொறாமை, கர்வம், கடுஞ்சொல், கோள் சொல்லுதல், பொய். நீங்கள் முதல் பட்டியலோடு 41 நாள் சண்டை போட்டீர்கள். நாலு மணி நேரம் தூங்கி, வயிறு காய்ந்து கிடக்கிறவனுக்குச் சாம்பாரில் வெங்காயத்தைப் பார்த்தால் கோபம் வராமல் என்ன வரும்? மிதமிஞ்சித் தின்கிறவனுக்கும் யோகம் இல்லை, ஒன்றுமே தின்னாதவனுக்கும் இல்லை, அதிகம் தூங்குகிறவனுக்கும் இல்லை, விழித்தே கிடப்பவனுக்கும் இல்லை என்று அதே கண்ணன் ஆறாம் அத்தியாயத்தில் சொல்கிறான்.

பதினெட்டுப் படிக்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் ஐந்து படி ஐம்புலன், அதற்கு மேல் எட்டு காமம், குரோதம், லோபம் முதலியவை, பிறகு மூன்று குணங்கள், கடைசியாக வித்தை, அவித்தை, அதாவது அறிவும் அறியாமையும். கோபத்தின் படி ஐம்புலனுக்கு மேலே இருக்கிறது பாருங்கள். ஐந்தாம் படியோடு விரதம் முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள்.

கனவைப் பற்றி. அதற்காக மூன்று நாள் அழுதீர்கள் என்று படித்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. பிரம்மசரிய விதிகளில் அவ்வளவு கறாரான மனுஸ்மிருதிகூட, தூக்கத்தில் தன்னையறியாமல் நேர்ந்தால் குளித்து, சூரியனை வணங்கி, ஒரு மந்திரத்தை மூன்று தரம் சொல் என்பதோடு விட்டுவிடுகிறது. குளித்தீர்களா? சரி, அதோடு முடிந்தது.

புலனடக்கம் என்னதான் என்று கேட்டீர்கள். ‘அஞ்சும் அடக்கடக் கென்பர் அறிவிலார்’ என்று திருமூலர் பாடினார். ஐந்தையும் அடக்கிப்போட்டால் அறிவற்ற ஜடம்தான் மிஞ்சும், அடக்காமல் இருக்கும் அறிவை நான் அறிந்தேன் என்கிறார். இதை வைத்துக்கொண்டு மனம்போல வாழலாம் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களை நம்ப வேண்டாம். யோகத்தின் முதல் அங்கமான இயமத்தில் நிற்பவன் யார் என்று சொல்லும்போது கொல்லான், பொய் கூறான், அடக்கமுடையான், பகுந்துண்பான், கள்ளும் காமமும் இல்லான் என்று வரிசையாகச் சொன்னவரும் அதே மூலர்தான். பகுந்துண்பான் என்ற சொல்லில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். நாக்கை அடக்குவதற்குச் சோற்றை நிறுத்தச் சொல்லாமல் பங்கு போடச் சொல்கிறார். கண்ணைப் பிடுங்கிப் போடாமல் அது எங்கே போகிறது, யாருக்காகப் போகிறது என்று கவனித்துக்கொண்டிருக்கும் அறிவு, புலனடக்கம் என்று நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான்.

என்ன செய்வது? என் குருசாமி மலை இறங்கியதும் ஒவ்வொருவரிடமும் கேட்பார், “சாமி, இதில் எதை அடுத்த கார்த்திகை வரைக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள்?” ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும், இரண்டு சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருவர் வெற்றிலையை விட்டார், ஒருவர் அதிகாலைக் குளியலைப் பிடித்துக்கொண்டார். நான் ‘சாமி’யைக் கொண்டுவந்தேன். விரதத்தில் எதிரே யார் வந்தாலும் சாமி என்றுதானே கூப்பிடுகிறோம். கோபம் வரும்போது எதிரில் நிற்பவரை மனதுக்குள் ஒருதரம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் வருடம் பத்தில் எட்டுத் தடவை மறந்துபோகும். இப்போது பாதிக்குப் பாதி நினைவு வருகிறது.

உங்களுக்குக் குடியா, சிகரெட்டா, இரவில் போனா, எது என்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். 41 நாள் சிகரெட் இல்லாமல் உங்கள் உடம்பு இருந்து காட்டியிருக்கிறது, அதை மறுபடி பழக்கிவிடாதீர்கள் என்பது என் ஆசை. ஏழு மணி நேரம் தூங்குங்கள். பசித்தால் சாப்பிடுங்கள்.

அதற்கு முன்னால், அம்மாவிடம் அந்த வெங்காயத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். 41 நாளும் தனிப்பாத்திரம் வைத்து உங்களுக்குச் சமைத்துப்போட்டது அவர்தானே.