ஜன்னி வருமா என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடுமா?

கேள்வி: என் மனைவிக்கு 31-வது வாரம், தலைப்பிரசவம். நேற்று பிபி 142/90. கால் வீக்கமும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப்காரர், புதிதாக ஒரு டெஸ்ட் வந்திருக்கிறது, ஜன்னி வருமா வராதா என்று சொல்லிவிடும் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: டெஸ்ட் உண்மையானதுதான். அவர் சொல்லும் விதம்தான் தப்பு. நஞ்சுக்கொடிக்கு ரத்த ஓட்டம் சரியில்லை என்றால், பிஎல்ஜிஎஃப் என்ற புரதம் குறையும். எஸ்எஃப்எல்டி-1 என்ற இன்னொன்று ஏறும். எஸ்எஃப்எல்டி-1-ஐ பிஎல்ஜிஎஃப்-ஆல் வகுத்து வரும் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிபி ஏறி ஜன்னியில் கொண்டுபோய் விடக்கூடிய நோய், வர வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு வாரம்தான், பிரசவம் வரைக்கும் இல்லை. 38-ஐத் தாண்டினாலும் வந்தே தீரும் என்றில்லை. 2016-ல் வெளிவந்த ஆய்வில், தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேருக்குத்தான் நான்கு வாரத்துக்குள் வந்தது.

இதை தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் சேர்த்து 'பேக்கேஜ்' என்று விற்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். கமிஷன் அவருக்கு, சிவப்பு எழுத்தில் வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத் தூக்கம் கெடுவது உங்களுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி அளவுகோல் வேறு என்பதையும் அவர் சொல்லமாட்டார். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டும் எடுங்கள்.

முதலில் பிபியை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். வரிசையில் மணிக்கணக்கில் நின்றவரை உட்கார்ந்த மாத்திரத்தில் பார்ப்பது, ஒல்லிக் கைக்கும் பருத்த கைக்கும் ஒரே பட்டையைச் சுற்றுவது, எண்ணை அட்டையில் எழுதிவிட்டு 'அடுத்தவங்க' என்பது. இத்தனை வருடமாகியும் இது மாறவில்லையே என்று கோபம்தான் வருகிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் தட்டணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின், இவையும் வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே செய்வார்கள். இதையெல்லாம் நாளைக்கே முடித்துவிடுங்கள்.

கால் வீக்கம் மட்டும் என்றால் பயமில்லை. ஆனால் விடாத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அந்த வலியைத்தான் வீட்டில் 'கேஸ்' என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். போன வாரம் விகிதம் 20 என்று வந்திருந்தாலும் போங்கள். அந்த ரிப்போர்ட் நேற்றுதான் வந்தது என்றாலும் போங்கள். பிபி அவ்வளவு ஏறாமலே கல்லீரலும் தட்டணுக்களும் கெட்டுப்போகிற வகை ஒன்று உண்டு. பிபி 160/110 தொட்டாலும் உடனே போங்கள். நடு ராத்திரி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.