ராத்திரி ஓடும் பேக்கப்புக்கு யாருடைய பாஸ்வேர்டு? – கேள்வி பதில்

பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை சின்னச் சின்ன அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தானாக ஓடும் பேக்கப்புக்கு எந்த யூசருக்கு என்ன அனுமதி தரலாம் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மண்ணடி, கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம்: அண்ணே, டேலி ஃபோல்டரை ராத்திரி 11 மணிக்கு நாஸுக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) காப்பி செய்ய, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருக்கிறோம். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டில்தான் ஓடுகிறது. நன்றாக ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும்?

ஓடுகிறது, சரி. ஆனால் அந்த பாஸ்வேர்டை விண்டோஸ் அதே கணினியில் சேமித்து வைத்திருக்கிறது. அதில் அட்மின் உரிமை கிடைத்த யாரும் அதைத் தோண்டி எடுத்துவிடலாம். உங்கள் அலுவலகத்தில் எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு என்றால் எல்லாமே போச்சு. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அசலோடு நாஸில் இருக்கும் நகலையும் சேர்த்தே பூட்டிவிடும்.

பேக்கப்புக்கென்று தனியாக ஒரு யூசர் போடுங்கள். டேலி ஃபோல்டரில் அவனுக்கு ரீட் மட்டும். நாஸிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் ஒரு யூசர், ஒரே ஒரு ஷேரில் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) மட்டும் எழுதும் உரிமை. லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் 'லாக் ஆன் ஆஸ் எ பேட்ச் ஜாப்' (ஷெட்யூலர் வழியாக ஓடும் உரிமை) கொடுங்கள். நேரடி லாகினையும் ரிமோட் டெஸ்க்டாப்பையும் மறுத்துவிடுங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்தப் பாலிசித் திரையே கிடையாது, ப்ரோ வேண்டும். இதில் பலரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு: பில் போடும் ஊழியர்களின் தினசரி யூசருக்கு அந்த பேக்கப் ஷேர் கண்ணிலேயே படக்கூடாது. மெயிலில் வந்த போலி இன்வாய்ஸை யாராவது திறப்பது அந்த லாகினில்தான்.

மறுபடியும் மண்ணடி: மாற்றிவிட்டேன் அண்ணே. என் லாகினில் பேட்ச் ஃபைலை (காப்பி கமாண்டுகள் எழுதியது) கையால் ஓட்டினால் ஓடுகிறது, ராத்திரி மட்டும் ஓடவில்லை.

பேட்ச் ஃபைலில் இசட் டிரைவ் என்று எழுதியிருப்பீர்கள். அந்த டிரைவ் எழுத்து உங்கள் லாகினுக்கு மட்டும் சொந்தம். பேக்கப் யூசருக்கு இசட் என்று ஒன்றே கிடையாது. இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு நாஸின் பெயரும் ஷேரின் பெயருமாக முழுப் பாதையை எழுதுங்கள். அப்புறம், எல்லோரும் டேலியில் கம்பெனியை மூடிய பிறகு ஓடுகிறதா என்றும் பாருங்கள். திறந்திருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது.

ராயபுரம், கல்லூரி மாணவி: விண்டோஸிலேயே 'பேக்கப் ஆபரேட்டர்ஸ்' என்று ஒரு குரூப் இருக்கிறதே, அதில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததா?

பெயரைப் பார்த்து ஏமாறாதேம்மா. அந்த குரூப்பில் இருப்பவர் ஃபைலுக்குப் போட்ட தடைகளையெல்லாம் தாண்டி எதையும் வாசிக்கலாம், ரீஸ்டோர் என்ற பெயரில் எதன் மேலும் எழுதலாம். எல்லா லாகினையும் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் இன்னும் மோசம்: எல்லாருடைய பாஸ்வேர்டு ஹேஷும் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) இருக்கும் டேட்டாபேஸையே நகலெடுத்துவிடலாம். அட்மினுக்கு ஒரு படி கீழே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஒரு படி அங்கே இல்லவே இல்லை. நாலு ஃபோல்டரைக் காப்பி செய்ய இது வேண்டாம்.

எம்.சி. ரோடு, ஜவுளிக்கடை: தம்பி, பில்லிங் சாஃப்ட்வேரின் டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வரில் இருக்கிறது. பேக்கப்புக்கு அதன் முழு அதிகார லாகினான 'எஸ்ஏ'வின் பாஸ்வேர்டு வேண்டும் என்கிறார் போட்டுக் கொடுத்தவர்.

கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. அந்த டேட்டாபேஸில் மட்டும் 'டிபி பேக்கப்ஆபரேட்டர்' ரோல் போதும். 'ஆக்சஸ் டினைடு' வந்தாலும் உரிமையைக் கூட்ட வேண்டாம். பேக்கப் ஃபைலை எழுதுவது அந்த லாகின் இல்லை, எஸ்கியூஎல் சர்வர் எந்த சர்வீஸ் அக்கவுண்டில் ஓடுகிறதோ அது. ஃபோல்டரில் எழுதும் உரிமையை அதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர், டெவலப்பர்: லினக்ஸில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை டம்ப் (ஃபைலாக நகல்) எடுக்கிறோம். முழு அதிகாரம் உள்ள ரூட்டில் ஓடுகிறது, உரிமையைக் குறைக்க வேண்டும்.

டம்ப் யூசருக்கு இந்த உரிமைகள் போதும்: செலக்ட், ஷோ வியூ, ட்ரிக்கர். ஈவென்ட்களையும் எடுத்தால் ஈவென்ட். டேபிள்கள் இன்னோடிபி வகை என்றால் சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன் ஆப்ஷன் போடுங்கள், லாக் டேபிள்ஸ் உரிமை தேவைப்படாது. மைஎஸ்கியூஎல் 8.0.21 முதல் 'ப்ராசஸ்' உரிமை கேட்டு அடம்பிடிக்கும். நோ டேபிள்ஸ்பேசஸ் ஆப்ஷன் போட்டால் அடங்கிவிடும். பாஸ்வேர்டைக் கமாண்ட் வரியிலோ கிரானிலோ (லினக்ஸின் ஷெட்யூலர்) எழுதாமல் 600 பெர்மிஷன் (சொந்தக்காரர் மட்டும் வாசிக்க, எழுத) உள்ள தனி ஃபைலில் வையுங்கள்.

சுடோ (ரூட்டாக ஓட்டும் அனுமதி) கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள். ஸ்கிரிப்டும் அது இருக்கும் ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கட்டும். பேக்கப் யூசரே திருத்தக்கூடிய ஸ்கிரிப்டுக்கு சுடோ கொடுப்பதும் ரூட் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் ஒன்றுதான். ஸ்கிரிப்டின் உள்ளே டார் கமாண்டுக்கு (ஃபைல்களை ஒன்றாகக் கட்டுவது) 'எல்லா ஃபைலும்' என்று நட்சத்திரக் குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். காப்பியாகும் ஃபோல்டரில் யாராவது இரண்டு கோடுகளில் தொடங்கும் பெயரில் ஒரு ஃபைலை உருவாக்கி வைத்தால் போதும், டார் அதை ஆப்ஷன் என்று எண்ணி ரூட்டாகவே வேறு கமாண்டை ஓட்டிவிடும்.

மணலி, ஒர்க்‌ஷாப்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தரைத்தளம் முழுகியது. இப்போது நாஸ் மாடியில். போதுமா?

தண்ணீருக்குப் போதும், தீக்கும் திருட்டுக்கும் போதாது. ஒரு பிரதி கிளவுடுக்குப் போகட்டும். அந்தக் கணக்கின் கீயில் (பேக்கப் புரோகிராம் உள்ளே நுழையும் சாவி) புதிதாக ஏற்றும் உரிமை மட்டும் இருக்கட்டும், அழிக்கும் உரிமை வேண்டாம். வெர்ஷனிங்கையும் போட்டுவிடுங்கள், பழைய ஃபைலின் மேல் எழுதினாலும் முந்தையது தப்பிக்கும்.

மாதவரம், குடோன் மேனேஜர்: அழிக்கும் உரிமையே இல்லாவிட்டால் பழைய பேக்கப்பெல்லாம் சேர்ந்து டிஸ்க் நிரம்பிவிடாதா? ரீஸ்டோரை யார் செய்வது?

பழையதைக் கழிக்கும் வேலையை நாஸ் தானே செய்யட்டும். ஸ்னாப்ஷாட்டை (ஃபைல்கள் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) எத்தனை நாள் வைப்பது என்று அதிலேயே அமைக்கலாம். ரீஸ்டோருக்கு வேறு கணக்கு, பாஸ்வேர்டு முதலாளியிடம், டாஸ்க் எதிலும் அதைச் சேமிக்கக் கூடாது. எல்லாம் அமைத்த பிறகு ஒரு நாள் பேக்கப் யூசர் பெயரில் நாஸ் ஷேரைத் திறந்து, நேற்றைய ஃபைலை அழித்துப் பாருங்கள். அழிந்துவிட்டால் ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டெடுங்கள். மீட்க முடியவில்லையா, அமைத்தவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.